மிஸ்ஸிங் மாமேதை

சென்னை காசிமேட்டில் பழைய அவுட்போர்டு இஞ்சின் மிஸ்ஸிங் அடித்தால் யாரும் கலங்க வேண்டியதில்லை. எங்கள் நிபுணர் இருக்கிறார். ரெண்டு சிலிண்டரில் எது உழைக்கிறது, எது தூங்குகிறது என்று சோதித்துக் காலத்தை வீணாக்கும் ரகமல்ல அவர். கயிறு இழுக்கும் சத்தம் கேட்டாலே போதும், பைபர் போட்டுக்கு இருபதடி தள்ளி நின்றபடியே தீர்ப்பு வந்துவிடும்: "ப்ளக்கு பூட்ச்சுணா, ரெண்டையும் மாத்து."

அவருடைய நாகரிகம் பெரிது. ப்ளக்கின் முனை இஞ்சினின் அந்தரங்கத்தைச் சொல்லிவிடும். காப்பிப்பொடி நிறம் என்றால் சுகம். வெள்ளை வெளேரென்றால் எரிபொருள் போதாமல் சூடேறுகிறது. கறுத்து ஈரமாயிருந்தால் ஆயில் கலவை கூடிவிட்டது, இல்லையேல் அந்தச் சிலிண்டருக்குக் கரண்டே வரவில்லை. அடுத்தவர் அந்தரங்கத்தை எட்டிப் பார்ப்பாரா அவர்? கழற்றிய ப்ளக்கை நேராகச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். மேல் ப்ளக்கைக் கீழேயும் கீழ் ப்ளக்கை மேலேயும் மாற்றிப் போட்டு, கோளாறு ப்ளக்கோடு இடம் மாறுகிறதா என்று பார்க்கும் வித்தை ஒன்றுண்டு. அதற்குக் காசு செலவில்லை என்பதால் அதில் அவருக்கு மரியாதையும் இல்லை.

ப்ளக்குக்குப் பின் காயில். சூடேறிய பிறகுதான் சில காயில்கள் கைவிடும்; அதைச் சூட்டோடு சூடாகப் பார்க்க வேண்டும். இவர் நிதானஸ்தர். டீ குடித்து, பேப்பர் படித்து, இஞ்சின் ஜில்லென்று ஆன பிறகே கை வைப்பார்.

அடுத்தது சி.டி.ஐ. யூனிட். அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் 1909-ல் அவுட்போர்டு விற்கத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் பாயிண்டும் கண்டன்சரும்தான் ப்ளக்குக்குப் போகும் கரண்டைக் கவனித்தன. பாயிண்ட் தேய்கிறது, உப்புக்காற்றில் பூக்கிறது என்று அதைத் தூக்கிவிட்டுத் தேய்மானமே இல்லாத சி.டி.ஐ.யைக் கொண்டுவந்தார்கள். அதையும் வருஷத்துக்கு ஒன்று மாற்ற வைக்கும் ஆற்றல், எனக்குத் தெரிந்து, இவர் ஒருவருக்கே உண்டு.

தொழில் ரகசியம் காப்பதிலும் கெட்டிக்காரர். மண்ணெண்ணெயில் ஓடும் இஞ்சினைக் கரை சேருமுன் கொஞ்ச நேரம் பெட்ரோலில் ஓட்டி நிறுத்தினால் மறுநாள் கயிறு சட்டென்று பிடிக்கும். ஸ்டாப் பட்டனுக்குள் உப்புத்தண்ணீர் புகுந்தால், ப்ளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் எர்த்தாகிவிடும். அந்த ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் குட்டு வெளிப்படும், நிறுத்த சோக்கை இழுத்தால் போதும். வெடித்த ப்ளக் கேப்பாக இருந்தால், இருட்டில் இஞ்சின் ஓடும்போது நீலப்பொறி அதன் மேலேயே நெளிந்து ஓடும். இதில் ஒன்றையாவது அவர் வாய் தவறிச் சொன்னதாக யாரும் குற்றம் சாட்ட முடியாது.

2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் வலையையும் போட்டையும் நாசமாக்கியது. அதற்கெல்லாம் கேட்க வேண்டிய கணக்கு மக்களுக்கு எவ்வளவோ இருக்கிறது. அந்தப் பட்டியலில் பத்து ரூபாய் ஒயர் கோளாறையும் சேர்த்துவிட்ட பெருந்தன்மை இவருடையது: "ஆயில் தண்ணி உள்ள பூந்துச்சுணா."

அவர் புண்ணியத்தில், துடுப்பையே மறந்திருந்த பையன்கள் மறுபடி துடுப்புப் போடக் கற்றுக்கொண்டார்கள். நடுக்கடலில், நங்கூரமிட்ட கப்பல்களுக்கு நடுவே, வேறு எந்தப் பயிற்சிக்கூடம் இதைச் சொல்லித் தரும்?

போன மாதம் ஒரு போட்டுக்காரரிடம் துக்கத்தோடு கையை விரித்தார். "இஞ்சினே பூட்ச்சு நைனா. புச்சு வாங்கிடு." நஷ்டப்பட்டவருக்கு உதவ அந்தப் பழசைத் தாமே காயலான் கடை விலைக்கு எடுத்துக்கொண்டார். அது இப்போது திருவொற்றியூரில் அவருடைய மச்சான் போட்டில் ஓடுகிறது. மிஸ்ஸிங் கிடையாது. ஸ்டாப் பட்டன் மட்டும் புதுசு.