பேய்க்கு ஃபிளாஷ்பேக், மனுஷிக்கு வாய்தா

பெறுநர்: மத்தியத் திரைப்படச் சான்றிதழ் வாரியம், சென்னை மண்டல அலுவலகம்.

பொருள்: ஜவ்வாது மலையில் எடுக்கவிருக்கும் பேய்ப்படத்துக்கு முன்கூட்டியே சான்றிதழ் கோருதல்.

ஐயா, அம்மா,

எத்தனையோ பேய்களுக்குச் சான்றிதழ் கொடுத்து வாழவைத்தவர்கள் தாங்கள். 2007இல் ‘முனி’, 2011இல் ‘காஞ்சனா’, 2014 தொடங்கி ‘அரண்மனை’ நான்கு பாகம். எல்லாவற்றையும் டிவியில் பார்த்து நாங்களும் முறையாகப் பயந்திருக்கிறோம். இப்போது சொந்தமாக ஒன்று எடுக்க ஆசை.

வசதிக்குக் குறைவில்லை. இங்கத்திய இருட்டு தரமானது; அதை நம்பித்தான் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியையே வைத்திருக்கிறார்கள். வழக்கமாக மலைப் படங்களில் பேய் பிடிப்பது பட்டணத்துக் குடும்பத்தை. கம்பளி போர்த்திக்கொண்டு, “அந்தப் பங்களா பக்கம் போகாதீங்க சாமி” என்று சொல்லிவிட்டு மறைவதோடு மலைக்காரர் வேலை முடிந்தது. எங்கள் படத்தில் குடும்பமே மலைக்குடும்பம்.

கதை இதுதான். சாமை கைகொடுக்காத வருஷம், கூலி வேலைக்கென்று வீட்டுக்காரர் பஸ் ஏறுகிறார். 2015 ஏப்ரல் 7. சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி ஆந்திரப் போலீஸ் 20 பேரைச் சுட்டுக்கொல்கிறது. அத்தனை பேரும் தமிழர்கள். எங்கள் மலைக்காரர்களும் அதில் உண்டு. கல்லால் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்பது போலீஸ் வசனம். பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்பது தப்பி வந்தவர் வசனம். அவர் எப்படித் தப்பினார்? பக்கத்து சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார்; புருஷன் பெண்டாட்டி என்று நினைத்து விட்டுவிட்டார்களாம். லாஜிக் இடிக்கிறது என்று கத்தரி போட்டுவிடாதீர்கள். தேசிய மனித உரிமை ஆணையம் வரை போன சாட்சி அது.

சிக்கல் கிளைமாக்ஸில்தான். நிலத்துக்காகத் தன்னைக் கொன்ற எம்எல்ஏவைக் காஞ்சனா ஒரே படத்தில் தீர்த்துவிட்டாள். எங்கள் கதையில் பத்து வருஷம் தாண்டியும் இடைவேளையே வரவில்லை. செத்தவர்கள் யார் உடம்பிலும் ஏறவில்லை, சேலை கட்டி ஆடவில்லை. பேயாக வந்து கேட்டால் ஃபிளாஷ்பேக் கிடைக்கிறது; பெண்டாட்டியாக வந்து கேட்டால் வாய்தாதான் கிடைக்கிறது.

ஆகவே இரண்டு ஐயங்களைத் தெளிவுபடுத்த வேண்டுகிறோம்.

ஒன்று: 2024இல் ‘யுஏ’வை 7+, 13+, 16+ என்று பிரித்தீர்கள். அந்த வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்கிறீர்கள். எங்கள் கதையில் சுடப்பட்டவரே அந்தப் பெற்றோர்தான். பிள்ளைகளை யாரோடு அனுப்புவது?

இரண்டு: ‘இக்கதையில் வரும் சம்பவங்கள் யாவும் கற்பனையே’ என்ற அட்டையோடுதான் படத்தைத் தொடங்குவது வழக்கம். எங்களால் அதைப் போட முடியாது. மாற்று வாசகம் ஒன்றைத் தாங்களே எழுதி, முத்திரை குத்தி அனுப்பவும்.

இப்படிக்கு,
பேய்ப்பட ரசிகர்,
ஜமுனாமரத்தூர்.