ஓட்டம் இருக்கட்டும், கூரை யாருது?

வா பேராண்டி, உட்காரு. கொழும்புல படிச்சிட்டு வந்து, சோலாரும் கரண்டு ஆட்டோவும் சேர்த்து யாவாரம் பண்ணப் போறியாம். பசறை ரோடு பூரா இதே பேச்சு. 2022ல பெட்ரோல் செட்டு வரிசையில ஆட்டோவுக்குள்ளேயே தூங்கி எழும்பின உன் மாமன், கியூஆர் அட்டையை இன்னும் சாமி படத்துக்குப் பின்னாடி வச்சிருக்கான். முதல் கிராக்கி அவன்தான். காசு மட்டும் கேட்டுடாத.

அப்புத்தளையில இருந்து வெல்லவாய்க்கு இறங்குறப்போ பிரேக் பிடிச்சா, மோட்டாரே கரண்டு உண்டாக்கி பேட்டரிக்குத் திருப்பிக் குடுக்குமுன்னு உன் திட்டக் காகிதத்துல எழுதியிருக்க. சரிதான். ஏறுறப்போ அதைவிடக் கூடப் பிடுங்கிக்கும், அதை மட்டும் ஏன் பொடி எழுத்துல போட்ட?

இப்போ கேளு. காலையில ஸ்கூல் ஹயர் முடிஞ்சா, பிள்ளைங்க திரும்புற வரைக்கும் ஸ்டாண்டுல நம்ம பயலுக என்ன பண்றானுங்க? அரசாங்கத்தை மாத்துறானுங்க. வண்டி சும்மா நிக்குது. வெயில் கொளுத்துறதும் அப்போதான். 2025 சித்திரை லீவுல பகல் கரண்டை எடுக்க ஆளில்லாம, கூரைச் சோலாரைக் கொஞ்சம் அணைச்சு வைங்கன்னு மின்சார சபையே கேட்டுக்கிச்சு. அதனால நீ வண்டி விக்காத. மத்தியான சார்ஜை வில்லு.

கார்த்திகை மார்கழியில வெயில் எங்கேன்னு கேட்டா, ஊவாவுக்கு வடகீழ் மழைக்காலம் அது. ஓடை நிறையும். துரைமார் காலத்துலயே ஓடைத் தண்ணியில டர்பைன் சுத்தி தேயிலை ஸ்டோரை ஓட்டின தோட்டங்க உண்டு. அது மாதிரி சின்னதா யோசி. உமா ஓயா மின்திட்டம் மாதிரி வேணாம். 120 மெகாவாட்டு, 2024 ஏப்ரல்ல ஈரான் ஜனாதிபதியே வந்து திறந்தார். சுரங்கம் வெட்டுறப்போ கிணறு வத்திப்போன பண்டாரவளைச் சனங்ககிட்ட அந்தப் பெருமையைச் சொல்லிப் பாரு, தெரியும்.

உன் காகிதத்துலயே பெரிய வேடிக்கை, தோட்ட லயத்துக் கூரையில சோலார் தகடு பதிச்சுக் கரண்டு விக்கிறது. அந்தக் கூரை உன் பாட்டி சீதனமாக் கொண்டாந்ததா? காணி அரசாங்கத்துது. 1992ல இருந்து நிர்வாகம் கம்பனியோடது. ஒழுக்கு மட்டும்தான் நம்மது. ஒப்பந்தம் போட வர்றவன் காணி உறுதி கேட்டா எதைக் காட்டுவ? எங்க தாத்தா கூடை தூக்கின தழும்பையா? வீடும் காணியும் நம்ம பேருக்கு எழுதட்டும், அப்புறம் லயத்துக்கு வா.

அதுவரைக்கும் பதுளை டவுன்ல கடைக்கூரையைக் குத்தகைக்குப் பிடி. பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட ஒரு புடவைக்கடை முதலாளி, என்கூடத் தோட்டத்துப் பெரட்டுல நின்னவர் மகன். நான் பேசிக்கிறேன். கமிஷன் விசயம் பாட்டி காதுக்குப் போகக்கூடாது, ஆமா.