ஒரு தலை, இரண்டு தொப்பி

கே: சைபர் படைத் தளபதி கையில் துப்பாக்கி இருக்குமா, லேப்டாப் இருக்குமா? (கோவில்பட்டி வாசகர்)

ப: பேனா இருக்கும். கீபோர்டைத் தட்டுவதெல்லாம் சின்ன வயசுப் பிள்ளைகள். அமெரிக்க சைபர் கமாண்டில் அப்படி 133 அணிகள், சுமார் 6,200 பேர் என்று கணக்கு வைத்துத்தான் படையைக் கட்டினார்கள். மேரிலாந்தில் ஃபோர்ட் மீட் என்ற ராணுவ முகாமில் உட்கார்ந்திருக்கும் நான்கு நட்சத்திர தளபதியின் வேலை, ‘செய்’ அல்லது ‘செய்யாதே’ என்று சொல்வது. தூக்கம் கெடுவது இந்த இரண்டாவதில்தான்.

கே: இப்படியொரு படை வேண்டும் என்று எப்போது உறைத்தது? (திண்டுக்கல்)

ப: ஒரு பென் டிரைவ் உறைக்க வைத்தது. 2008-ல் மத்திய கிழக்கில் இருந்த அமெரிக்க ராணுவத் தளம் ஒன்றில் யாரோ அதை லேப்டாப்பில் செருக, உள்ளே இருந்த புழு இறங்கி ரகசிய நெட்வொர்க் வரை ஊர்ந்துவிட்டது. பல்லாயிரம் கோடி டாலர் பாதுகாப்பு, விரல் நீளப் பிளாஸ்டிக்! துடைத்தெடுக்கும் வேலைக்கு ‘பக்‌ஷாட் யாங்கி’ என்று பெயர் வைத்தார்கள். அந்த நவம்பரில் ராணுவம் முழுக்க பென் டிரைவுக்குத் தடை. அடுத்த வருஷமே ராணுவ அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் சைபர் கமாண்டை அமைக்க உத்தரவிட்டார். 2010 மே மாதம் வேலை தொடங்கியது. ஜெராக்ஸ் கடையில் ஒரு பக்கம் பிரிண்ட் எடுக்கப் போய், வீட்டு கம்ப்யூட்டருக்கு வைரஸ் வாங்கி வந்தவன் நான். பெண்டகனைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தகுதி இல்லை.

கே: சினிமாவில் வருவதுபோல் பெரிய ஸ்கிரீன், நீல விளக்கு எல்லாம் உண்டா? (வேலூர்)

ப: முதல் தளபதி கீத் அலெக்சாண்டரைக் கேட்டிருக்க வேண்டும். அதற்கு முன்பு ராணுவ உளவுப் பிரிவின் தலைவராக இருந்தபோது, வர்ஜீனியாவில் அவருடைய கட்டுப்பாட்டு அறை ‘ஸ்டார் டிரெக்’ விண்கலம் மாதிரியே இருந்தது. நடுவில் கேப்டன் நாற்காலி. கதவு திறந்தால் ‘உஷ்ஷ்’ என்ற சத்தம்கூட உண்டாம். பார்க்க வந்த அரசியல்வாதிகள் அந்த நாற்காலியில் ஒருதரம் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று 2013-ல் செய்தி வந்தது. நிதி கேட்பதற்கு அதைவிட நல்ல நேரம் ஏது?

கே: சைபர் கமாண்ட் தளபதியே என்எஸ்ஏ என்ற உளவு அமைப்புக்கும் தலைவராமே? ஒரு ஆளுக்கு இரண்டு நாற்காலி எதற்கு? (கும்பகோணம்)

ப: நாற்காலி என்று சொல்வதில்லை, ‘இரட்டைத் தொப்பி’ என்பார்கள். இந்தப் படையின் எல்லாத் தலைவலியும் அந்தத் தொப்பிக்குக் கீழேதான்.

எதிரியின் கம்ப்யூட்டரில் ஒரு ஓட்டை கிடைத்துவிட்டது என்று வையுங்கள். ஒட்டுக்கேட்பவன், “மூச்சு விடாதே, இன்னும் நாலு வருஷம் கேட்கலாம்” என்பான். அடிக்க வந்தவனோ, “இன்றைக்கே முடித்துவிடுவோம்” என்பான். அடித்தால் எதிரி விழித்துக்கொள்வான், ஓட்டை அடைபடும், காது போய்விடும். இந்த வழக்கில் வாதி, பிரதிவாதி, நாட்டாமை மூவரும் ஒரே ஆள்!

லாபம் இல்லாமல் இல்லை. புதிய படைக்கு ஆளும் கருவியும் பக்கத்து வீட்டிலிருந்து இரவல் கிடைத்தன. இரண்டு இலாகாவுக்கு நடுவே கோப்பு அலையாது. 2016-ல் ஐஎஸ் அமைப்பின் பிரசார எந்திரத்தைத் தாக்கிய ‘குளோயிங் சிம்பனி’ நடவடிக்கையைப் பாருங்கள். எதிரியின் சரக்கு இருந்த சர்வர்கள் எல்லாம் வேறு வேறு நாடுகளில். முன்கூட்டியே அந்த நாடுகளிடம் சொல்வதா, வேண்டாமா என்று வாஷிங்டனிலேயே பெரிய இழுபறி. வெளியே இத்தனை பேரோடு மல்லுக்கட்டும்போது வீட்டுக்குள்ளாவது ஒரே குரல் இருக்கட்டுமே என்பது தொப்பிக் கட்சியின் வாதம்.

என்எஸ்ஏ-வின் ரகசியங்களை ஸ்னோடன் வெளியே போட்டு விவகாரம் வெடித்த 2013-லேயே பிரித்துவிடலாம் என்ற பேச்சு வந்தது, ஒபாமா மறுத்தார். பதவி முடியும் தறுவாயில் பிரிக்கலாம் என்றார். அதற்குள் நாடாளுமன்றம், இன்னின்ன நிபந்தனை நிறைவேறினால்தான் பிரிக்கலாம் என்று சட்டத்தில் எழுதி வைத்துவிட்டது. நான் பிரிக்கச் சொல்லும் கட்சி. காதும் கையும் ஒரே உடம்பில் இருக்கலாம். இரண்டுக்கும் நடுவே ஒரு சண்டையாவது நடக்க வேண்டும்.

கே: அந்தப் படையின் முத்திரையில் ஏதோ ரகசியக் குறியீடு இருக்கிறதாமே? (நாகர்கோவில்)

ப: தங்க வளையத்தில் 32 எழுத்தும் எண்ணும் பொடிப்பொடியாக இருக்கும். 2010-ல் வெளியான சில மணி நேரத்தில் விடை கண்டுபிடித்துவிட்டார்கள்: படையின் குறிக்கோள் வாசகத்தை ‘எம்டி5’ என்ற கணக்கு முறையில் அரைத்து எடுத்த பொடி அது. வேடிக்கை என்னவென்றால், அந்த எம்டி5-ஐ ஏமாற்ற முடியும் என்று சீன ஆய்வாளர்கள் 2004-லேயே காட்டியிருந்தார்கள். பூட்டுக் கடைக்காரர், கள்ளச்சாவி வந்துவிட்ட பூட்டையே வாசலில் தொங்கவிட்ட கதை.

கே: தளபதிகளில் உங்கள் மனதில் நிற்பவர்? (காரைக்குடி)

ப: பால் நகசோனே. அவரைவிட அவர் அப்பா. எட்வின் நகசோனே, ஜப்பானிய வம்சாவளி, ஹவாய்ப் பையன். 1941 டிசம்பர் 7 காலை, பதினான்கு வயதில், ஜப்பானிய விமானங்கள் குண்டு போட வருவதை நேரில் பார்த்தவர். பிறகு அமெரிக்க ராணுவ உளவுத்துறைக்கே மொழிபெயர்ப்பாளர் ஆனார். சொல்லாமல் கொள்ளாமல் வரும் தாக்குதல் எப்படி இருக்கும் என்பதை அப்பா வாயால் கேட்டு வளர்ந்த பிள்ளை, 2018 மே மாதம் தளபதியானார். எதிரி நம் வாசலுக்கு வரும்வரை காத்திருக்காதே, அவன் தெருவிலேயே போய் நில் என்பது அவர் காலத்துக் கொள்கை.

கே: கம்ப்யூட்டர் படைக்குக் கடற்படை ஆட்களை ஏன் போடுகிறார்கள்? (தூத்துக்குடி)

ப: இணையம் வானத்தில் மிதக்கிறது என்று நினைத்துவிட்டீர்கள். கண்டம் விட்டுக் கண்டம் போவதில் பெரும்பங்கு கடலடி கேபிள் வழியாகத்தான். அமெரிக்காவின் இரண்டாவது தளபதி மைக்கேல் ராஜர்ஸ் அட்மிரல். நம் ராணுவ சைபர் ஏஜென்சிக்கு 2019-ல் முதல் தலைவராகப் போடப்பட்ட மோஹித் குப்தாவும் ரியர் அட்மிரல். அங்கே நான்கு நட்சத்திரம், இங்கே இரண்டு. அங்கே கமாண்ட், இங்கே ஏஜென்சி. தூத்துக்குடிக்காரருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை: கப்பலின் அளவைப் பார்த்துத்தான் கேப்டன்.

கே: இவ்வளவு பெரிய பதவி, நிரந்தரமா? (ஈரோடு)

ப: 2024 பிப்ரவரியில் அமெரிக்கத் தளபதியாக வந்த டிமோத்தி ஹாக், 2025 ஏப்ரலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். 14 மாதம். காரணத்தை அரசு பகிரங்கமாகச் சொல்லவில்லை. உலகத்தையே ஒட்டுக்கேட்கும் அலுவலகம், தன் வாசலில் நடந்த பேச்சைக் கேட்டதா இல்லையா என்பது அவருக்குத்தான் வெளிச்சம்.

கே: ஓய்வுக்குப் பிறகு என்ன செய்வார்கள்? (சேலம்)

ப: அலெக்சாண்டர் அமேசான் இயக்குநர் குழுவுக்கும், நகசோனே ஓபன்ஏஐ குழுவுக்கும் போனார்கள். நம் ஊர் ரிட்டையர்டு சார்கள் அசோசியேஷன் செக்ரட்டரி ஆவதில்லையா?

கே: இந்தத் தளபதிகள் தங்கள் பாஸ்வேர்டையாவது ஒழுங்காக வைத்திருப்பார்களா? (மதுரை)

ப: பாஸ்வேர்டு தெரியாது, பெயரைக் கோட்டைவிட்ட கதை உண்டு. இஸ்ரேலின் 8200 உளவுப் பிரிவின் தலைவர் யார் என்பது அங்கே ராணுவ ரகசியம். யோசி சாரியேல் அந்த நாற்காலியில் இருந்தபோது, 2024 ஏப்ரலில் ‘கார்டியன்’ பத்திரிகை அவர் பெயரை வெளியிட்டது. துப்பு கொடுத்தது அவரேதான். செயற்கை நுண்ணறிவு பற்றி 2021-ல் ஒரு புத்தகம் எழுதி அமேசானில் விற்றார். அதன் மின்பதிப்பில் இருந்த மின்னஞ்சலைப் பிடித்துப்போனால் அவர் பெயரிலான கூகுள் கணக்கு. சரி, புனைபெயராவது கெட்டியாக வைத்தாரா? பிரிகேடியர் ஜெனரல் ஒய்.எஸ்.