துப்புள்ள பிள்ளை

எங்கள் வீட்டு வாஷ்பேசின் மேல் இரண்டு பேஸ்ட் ட்யூப் இருக்கும். ஒன்று பெரியவர்களுடையது. புதினா வாசனை, மாசக் கடைசியில் பிதுக்கிப் பிதுக்கி, சப்பாத்திக் கட்டை வைத்து உருட்டி, உடம்பெல்லாம் சுருக்கம் விழுந்தது. இன்னொன்று என் மகளுடையது. ரோஸ் நிறம், ஸ்ட்ராபெரி மணம், மேலே பல்லைக் காட்டும் கரடி. நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு ட்யூபை ஒன்றரை மாசம் ஓட்டுகிறோம். ஆறு வயசுக்காரி பத்து நாளில் ஒன்றைத் தீர்த்துவிடுவாள். அவளுக்கு இருக்கிறதே இருபது பல், அதிலும் இரண்டு ஆடிக்கொண்டிருக்கிறது. எப்படிக் கணக்குப் போட்டாலும் உதைத்தது.

ஒருநாள் கதவிடுக்கில் பார்த்தபோது கணக்கு நேரானது. பிரஷ் டம்ளரில் காய்ந்துகொண்டிருந்தது. ட்யூப் நேராக வாயில் இருந்தது.

"என்னம்மா பண்றே?"

"பல்லு தேய்க்கிறேம்ப்பா."

"சரி, துப்பு."

ஒரு விழுங்கு விழுங்கிவிட்டு ஆவென்று திறந்து காட்டினாள். "ஒண்ணுமே இல்ல, பாரு."

அன்றைக்கே ஸ்ட்ராபெரியை ஒளித்துவிட்டு, எங்கள் பேஸ்டைப் பிரஷில் வைத்து நீட்டினேன். நாக்கில் பட்டதும் ஒரே அலறல். "காரம்! தண்ணி! தண்ணி!" ஊறுகாய் ஜாடியில் விரல் விட்டு நக்குகிற பிள்ளை இது. புதினாவில் இருக்கிற மென்தால் நாக்கைக் குளிர வைப்பதே இல்லையாம். குளிர்ச்சியை உணர்கிற நரம்பைச் சீண்டி, சில்லென்று இருப்பதாக மூளையிடம் பொய் சொல்கிறது, அவ்வளவுதான். அந்தப் பொய்க்குத் தமிழ்க் குழந்தைகள் வைத்திருக்கிற பெயர் காரம். ஐஸ்கட்டி நெருப்பாகச் சுடுகிறது என்று சொல்கிற வயசில் அது பொருத்தமான பெயர்தான்.

"பெரியவங்க பேஸ்ட்டை எந்த வயசுல கொடுக்கலாம்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கொடுத்தா என்ன?" என்றாள் என் மனைவி. எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் வளர்ந்தபோது குழந்தை பல்பொடி, பெரியவர் பல்பொடி என்று ரெண்டா இருந்தது? ரோஸ் நிறப் பொடியை உள்ளங்கையில் கொட்டுவார்கள். ஆள்காட்டி விரல்தான் பிரஷ். பாதி பல்லுக்கு, பாதி வயிற்றுக்கு. 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்பதை எழுதிப் பார்த்து வாங்கிய மதிப்பெண் தனி. (வேல் என்றால் வேம்பு என்றே இருபது வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். கருவேலமாம்.) இதையெல்லாம் சொன்னதற்கு, "அதான் உங்களுக்கு மூணு பல்லுல வேர் சிகிச்சை" என்று பேச்சை முடித்துவிட்டாள்.

பல் டாக்டர் ரொம்ப இளம்பெண். நான் "டாக்டர், இவளுக்கு வயசு ஆறு..." என்று ஆரம்பித்தபோதே கையைக் காட்டி நிறுத்தினார்.

"வயசு இருக்கட்டும். துப்பத் தெரியுமா?"

தமிழில் துப்பு கெட்டவன் என்று ஏன் திட்டுகிறார்கள் என்பது எனக்கு அந்த நாற்காலியில்தான் விளங்கியது.

விஷயம் பேஸ்டில் இருக்கிற ஃபுளோரைடு. பல்லைச் சொத்தை அரிக்காமல் காப்பது அதுதான். பெரியவர்கள் பேஸ்டில், நம் நாட்டுச் சட்டப்படி, பத்து லட்சம் பங்குக்கு 1000 பங்கு வரை இருக்கலாம். கரடி போட்ட ட்யூப்களில் சிலதில் அதில் பாதி, சிலதில் சுத்தமாகக் கிடையாது. முன்பக்கத்துக் கரடியைப் பார்க்காமல் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பார்க்க வேண்டும். பிள்ளை துப்பினால் பல்லுக்கு நல்லது. விழுங்கிக்கொண்டே இருந்தால், ஈறுக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கிற நிரந்தரப் பல்லில் திட்டு விழும். எட்டு வயசு வரைக்கும் உள்ளே அந்த வேலை நடக்கிறது. அதனால் மூன்று வயசுக்குள் அரிசி அளவு, அப்புறம் ஆறு வரைக்கும் பட்டாணி அளவு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆறு வயசு வாக்கில் துப்பக் கை வந்துவிடும்; அப்போது மாற்றிக்கொள்ளலாம்.

"பட்டாணின்னா பச்சைப் பட்டாணியா, காஞ்ச பட்டாணியா?" என்று கேட்டேன். டாக்டர் என் மனைவியைப் பார்த்தார்.

நியாயமான கேள்விதான் அது. விளம்பரத்தில் பிரஷின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அலை மாதிரி பேஸ்ட் வளைந்து நிற்கிறதே, அதைப் பார்த்துத்தானே ஊரே பிதுக்குகிறது? அந்த அலைக்கு நர்டில் என்று பெயர் உண்டு. அந்த அலையின் படத்தை யார் போட்டுக்கொள்வது என்று 2010இல் அமெரிக்காவில் கோல்கேட்டும் கிளாக்ஸோவும் கோர்ட் படி ஏறின. அது பட்டாணிக்காகப் போட்ட கேஸ் இல்லை.

கிளம்பும்போது மகளின் வாயைத் திறந்து கடைசியில் ஒரு பல்லைக் காட்டினார். பால்பல் எதுவும் விழாமலே கடைவாயில் முளைத்திருந்தது. ஆறு வயசில் வருகிற முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல். பால்பல்தானே, விழுந்துவிடும் என்று அப்பா அம்மாக்கள் அசட்டையாக இருந்து சொத்தையாக விடுகிற பல் அதுதானாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

திட்டு என்று டாக்டர் சொன்னதுமே எனக்கு மாமனார் ஞாபகம் வந்தார். பெண் பார்க்க அம்பத்தூர் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது என் அம்மா சொன்ன தீர்ப்பு: "பொண்ணு லட்சணம். அப்பாதான் வெத்தலை ஜாஸ்தி போடுவார் போல." மாமனார் ஆயுசில் வெற்றிலை தொட்டதில்லை. பென்னாகரம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பாறைக்குள்ளிருந்து வருகிற தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம்; லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆகாது என்று கணக்கு. அந்தப் பக்கத்துக்கு ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது 2013இல். அதற்குள் இரண்டு மூன்று தலைமுறை பழுப்புப் பல்லோடு பெண் பார்த்து, வாயை மூடிக்கொண்டு போட்டோ எடுத்து முடித்துவிட்டது. சில ஊர்களில் எலும்பும் மூட்டும்கூட இறுகிப்போயிருக்கின்றன. அது சிரிக்கிற விஷயமில்லை.

ஆனால் மாமனாருக்கு 74 வயசில் ஒரு பல்கூடச் சொத்தை இல்லை. பொங்கலுக்குக் கரும்பை முட்டியில் வைத்து உடைத்து, பல்லாலேயே தோல் உரிப்பார். வெள்ளைப் பல்காரனான நான் ஜூஸ் குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். 1901இல் அமெரிக்காவின் கொலராடோவுக்குப் போன மெக்கே என்ற பல் டாக்டருக்கும் இதே புதிர்தான். ஊரில் நிறையப் பேருக்குப் பழுப்புப் பல், ஆனால் சொத்தை குறைவு. காரணம் தண்ணீரில் இருக்கிற ஃபுளோரைடு என்று கண்டுபிடிக்க 1931 ஆகிவிட்டது. பேஸ்டில் அது வந்து சேர்ந்த கதை அங்கேதான் ஆரம்பம்.

அந்த வாரம் ஊரிலிருந்து வந்திருந்த மாமனாரிடம் விஷயத்தைச் சொன்னேன். "துப்புறதுதானே மாப்பிள்ளை? எங்கிட்ட விடுங்க" என்றார். வேப்பங்குச்சியோடு வளர்ந்த மனிதர். குச்சியைக் கடிப்பதும் துப்புவதும் பாதிப் பாதி வேலை.

மறுநாள் காலையில் தாத்தாவும் பேத்தியும் கொல்லைப் படியில் நின்றார்கள். முதலில் வெறும் தண்ணீர். அவள் துப்பியது மோவாய் வழியாகச் சட்டைக்குள் போனது. "உதட்டைக் குவி கண்ணு. கன்னத்துல காத்தை அடை. இப்ப விடு." தாத்தா விட்டார். நாலு அடி தள்ளி முருங்கை மரத்தின் அடியில் போய் விழுந்தது. அவள் கண்ணில் அன்று தெரிந்த மரியாதையை என்னைப் பார்த்து ஒருநாளும் காட்டியதில்லை. மூன்றாம் நாள் அவள் முதல் படியைத் தாண்டினாள். எட்டாம் நாள் முருங்கை நனைந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் மட்டும் மதில்மேல் எட்டிப் பார்த்து, "இதுக்குமா கோச்சிங்?" என்றார்.

இப்போது எங்கள் பேஸ்டில்தான் தேய்க்கிறாள். பட்டாணி அளவை நான் வைத்துத் தருகிறேன். காரம் பழகிவிட்டது, தேய்த்து முடித்ததும் வாயைத் திறந்து ஹா என்று என் முகத்தில் ஊதுவாள்.

ஸ்ட்ராபெரி ட்யூப் பாதிக்கு மேல் மீந்துவிட்டது. தூக்கிப்போட மனசு வரவில்லை. ராத்திரி எல்லாரும் தூங்கினபின் நான் அதில்தான் தேய்க்கிறேன். ருசி பரவாயில்லை.