நாளைக்கு ஆகும்

கல்யாண மண்டபத்தில் கடைசிப் பந்தி முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் கிளம்புவார்கள். சிலர் தாம்பூலப் பையைத் தேடுவார்கள், சிலர் செருப்பை. ஒருவர் மட்டும் ஒன்றும் தெரியாதவர்போலச் சமையல்கட்டுப் பக்கம் நடப்பார். அண்டாவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அட, கெழங்கு இத்தனை மிஞ்சிப் போச்சே" என்று துக்க வீட்டில் பேசுகிற குரலில் சமையல் மாஸ்டரிடம் விசாரிப்பார். குரலில்தான் துக்கம், கண் அண்டாவின் ஆழத்தை அளந்துகொண்டிருக்கும். அடுத்த நிமிடம் கைப்பையிலிருந்து ஒரு தூக்குப்போசி வெளியே வரும். கல்யாணத்துக்கு வருகிறவர் காலித் தூக்குப்போசி எதற்கு எடுத்து வந்தார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் நமக்கும் கொஞ்சம் கட்டிக் கொடுத்துவிடுவார்.

இந்த ரகத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இவர்களைக் கஞ்சர்கள் என்று சொன்னால் பாவம். பட்டுப் புடவைக்குப் பேரம் பேச மாட்டார்கள், மொய் எழுதுவதில் குறை வைக்க மாட்டார்கள். ஆனால் அரைக் கிண்ணம் உருளைக்கிழங்கு மிஞ்சிவிட்டால் ராத்திரி பத்து மணிக்கு அடுப்பைப் பற்றவைப்பார்கள். மிஞ்சிய கத்தரிக்காய்க்கு இந்த மரியாதை கிடையாது. கத்தரிக்காயை மறுநாள் சூடு பண்ணலாம், அவ்வளவுதான். வெண்டைக்காயை மறுநாள் முகம் கொடுத்தே பார்க்க முடியாது. கிழங்குக்குத்தான் தனக்கென்று ஒரு பிடிவாதம் இல்லை. எந்த மாவோடு சேர்த்தாலும் சேரும், எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் வரும்.

எங்கள் குடும்பத்தில் இந்தப் பதவியில் இருப்பவர் கோயமுத்தூர்ப் பெரியம்மா. வீட்டில் நாலே பேர்: பெரியம்மா, கூட்டுறவுத் தணிக்கையில் இருந்து ரிட்டையர் ஆன பெரியப்பா, மகன், மருமகள். நாலு பேருக்கு அரைக் கிலோ கிழங்கு தாராளம். குக்கரில் இரண்டு கிலோ வேகும்.

"எதுக்குங்க அத்தை இத்தனை?" என்பாள் மருமகள்.

"நாளைக்கு ஆகும், கண்ணு."

மிஞ்சியதை வீணாக்காதவர் என்று பெரியம்மாவுக்கு ஊரில் நல்ல பெயர். அந்தச் சமையலறையில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தால் கதை வேறு. அங்கே கிழங்கு தற்செயலாக மிஞ்சுவதே கிடையாது. மிஞ்ச வேண்டும் என்றேதான் வேகவைக்கப்படுகிறது. முதல் நாள் அரிசிம்பருப்பு சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள வைக்கும் கிழங்கு வறுவல் ஒரு சாக்கு. அதை அவர் ருசி பார்ப்பதுகூட இல்லை. வறுவல் தீயட்டும், உப்புக் குறையட்டும், கவலையில்லை. அவர் மனசெல்லாம் தோலோடு ஆறிக்கொண்டிருக்கும் அந்த ஒன்றரைக் கிலோவில் இருக்கும்.

வாங்குவதும் அந்தக் கணக்கில்தான். செல்போனில் அழுத்தினால் அரைக் கிலோ பாக்கெட் பத்து நிமிடத்தில் வாசலுக்கு வரும் என்று மகன் சொன்னான். "அரைக் கிலோவா? ஒடம்புக்கு முடியாதவங்க வாங்கறது" என்று முடித்துவிட்டார். மேட்டுப்பாளையத்து மண்டியில் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். அங்கே 45 கிலோ மூட்டையாக ஏலம் போகும். குஜராத்திலிருந்தும் கோலாரிலிருந்தும் லாரி லாரியாகக் கிழங்கு வந்து இறங்கும். பெரியம்மா அவற்றைத் திரும்பியும் பார்க்க மாட்டார். விலை கூடுதலானாலும் செம்மண் ஒட்டிய ஊட்டிக் கிழங்குதான். அதில் ஒரு மூட்டையைச் சொந்தக்காரர்களோடு பங்கு பிரித்துக்கொள்வார். பங்கு என்றால் நமக்கு மூன்று கிலோ, மீதி அவருக்கு.

மூட்டை வீட்டுக்கு வரும் ஒவ்வொரு தடவையும் பெரியப்பா சரித்திரம் சொல்லுவார். கிழங்கு தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் பிறந்தது. ஸ்பெயின்காரர்கள் அதை ஐரோப்பாவுக்கு எடுத்துப் போனார்கள். நம் மேற்குக் கரைக்குப் போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தார்கள். ஊட்டியில் அதைப் பயிராக்கியது 1820-களில், நம்ம கோயமுத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன். பெரியம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒருநாள் சொன்னார்: "அவுரு ஊட்டுலயும் மிஞ்சியிருக்கும். அதான் நட்டு வெச்சிருக்கார்."

பெரியப்பாவுக்குப் பதில் வரவில்லை. தின்றது போக எடுத்து வைத்த கிழங்கைத்தானே விதைக்கிழங்கு என்கிறோம்.

ஆனால் தணிக்கைக்காரர் சும்மா இருப்பாரா? திங்கட்கிழமை வறுவலில் தொடங்கிய சரக்கு எந்தெந்தக் கணக்கில் செலவாகிறது என்று வாரம் முழுக்க ஒரு கண் வைத்திருப்பார். செவ்வாய் ராத்திரி சப்பாத்தி. தட்டில் விழுந்ததும் விரலால் ஒரு விள்ளல் கிள்ளுவார். சப்பாத்தி பிசிறில்லாமல் பஞ்சாகப் பிய்யும். "இது கோதுமை மட்டும் செய்யற வேலையில்லையே" என்பார். பெரியம்மா கல்லைப் பார்த்தபடி பேசாமல் இருப்பார். இரண்டு கிழங்கைத் துருவலில் சீவி மாவோடு போட்டுப் பிசைந்திருப்பார். கிழங்கில் இருக்கும் ஈரமே பாதி மாவுக்குப் போதும், தண்ணீரைக் கையில் தெளித்துக்கொண்டால் சரி. மறுநாள் மதியம் டப்பாவைத் திறந்தாலும் அந்தச் சப்பாத்தி விறைத்திருக்காது.

புதன்கிழமைக் குருமா வழக்கத்தைவிடக் கெட்டியாக இருக்கும். தேங்காய் அரைத்ததில் பாதியைக் குறைத்துவிட்டு ஒரு கிழங்கை மசித்துக் கரைத்திருப்பார். வியாழன் குழிப்பணியாரத்தைக் கடித்தால் நடுவில் மஞ்சளாக ஏதோ தென்படும். தோசை மசாலுக்குள் வந்தால் அது கிழங்கின் சொந்த ஊர், அதையெல்லாம் பெரியப்பா கணக்கில் எழுதுவதில்லை. கண்டுபிடிக்க முடியாமல் போனது அல்வா ஒன்றுதான். நெய்யும் சர்க்கரையும் ஏலக்காயும் சேர்ந்து அதன் பூர்வீகத்தை மறைத்துவிட்டன. மூன்றாவது கரண்டி போட்டுக்கொண்ட பிறகே அவருக்குச் சந்தேகம் தட்டியது.

விருந்தாளி வரும் நாள்தான் பெரியம்மாவின் திருநாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதுமே ஃபிரிட்ஜ் கதவு திறக்கும். "அன்னிக்கு வேகவெச்ச கெழங்குல போண்டா புடிச்சா கையில ஈஷிக்கும். நேத்தையக் கெழங்குதான் சொன்ன பேச்சுக் கேக்கும்" என்பது அவர் கட்சி. ருசுவுள்ள பேச்சுதான். வெந்த கிழங்கு குளிர்ந்தால் உள்ளே இளகிக் கிடந்த மாவுச்சத்து இறுகிக்கொள்கிறது. துருவினால் உதிரி உதிரியாக விழும், வறுத்தால் ஓரம் மொறுமொறுக்கும். கடுகு, உளுத்தம்பருப்பு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சள் போட்டு, கிழங்கைக் கொட்டிக் கிளறி, இறக்கியபின் எலுமிச்சம்பழம் பிழிவார். ஒரு சிட்டிகை எடுத்து உருட்டிப் பார்ப்பார். தளதளவென்று இருந்தால் ஒரு ஸ்பூன் பொட்டுக்கடலை மாவு. அதோடு உருண்டை நிற்கும். கடலை மாவில் ஒரு பங்கு அரிசி மாவு, மிளகாய்த்தூள், கடுகளவு சோடா. கரைசலில் ஒரு சொட்டு எண்ணெயில் விட்டு அது மேலே மிதந்து வந்ததும்தான் உருண்டைகள் இறங்கும். இதெல்லாம் முடிந்து தட்டு கூடத்துக்கு வரும்போது, "இப்பதானுங்க போட்டேன்" என்பார். பொய்யில்லை. போட்டது இப்போதுதான், வேகவைத்தது எப்போது என்று விருந்தாளி கேட்கவில்லையே.

போண்டாவே மிஞ்சினால்? மிஞ்சும், அதற்கும் சேர்த்துத்தானே போடுகிறார். மறுநாள் மோர்க்குழம்பில் மிதக்கும். பெரியப்பா கரண்டியால் அதைத் தூக்கிப் பார்த்து, "முன் இருப்பிலேயே முன் இருப்பு" என்று சொல்லிவிட்டு இரண்டாகப் போட்டுக்கொள்வார்.

கேலி செய்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பெரியம்மா கையால் சாப்பிட்டு யாருக்கும் வயிறு கெட்டதில்லை. அவர் சட்டங்கள் கடுமையானவை. எடுத்து வைக்கும் கிழங்கின் தோலை உரிக்கக் கூடாது. உப்போ வெங்காயமோ படக் கூடாது. வெங்காயம் சேர்ந்த மசாலா சீக்கிரம் ஊசிப்போகும். சூடு ஆறியதும் ஈரமில்லாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். "ஊரு முன்ன மாதிரி குளுருதா என்ன, வெளிய வெக்கறதுக்கு?" நாலாம் நாளைத் தாண்டியது எதுவும் வாய்க்குப் போகாது. பச்சைக் கிழங்குக்கு நேர் எதிர்ச் சட்டம்: அது ஃபிரிட்ஜ் பக்கமே போகக் கூடாது. குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாகி, வறுக்கும்போது கறுத்துப்போகும். இருட்டான மூலையில் சாக்கு விரித்து, வெங்காயக் கூடைக்கு எட்டாத தூரத்தில் கிடக்க வேண்டும். வெளிச்சம் பட்டுப் பச்சை பாரித்ததை மட்டும் இந்த உலக மகா சிக்கனக்காரி இரக்கமே இல்லாமல் தூக்கி எறிவார். அதில் ஏறுவது சோலனின் என்ற நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. அந்தப் பெயரெல்லாம் அவருக்குத் தெரியாது. "கசக்கும், வேண்டாம்" என்பார்.

தோல்கூடச் சும்மா போவதில்லை. கழுவித் துடைத்த தோல் மிளகாய்த்தூளோடு எண்ணெயில் விழுந்து டீக்குத் துணையாகும். பாதி வெட்டிய பச்சைக் கிழங்கு ஒன்று கரண்டிக் காம்பில் குத்தி நிற்கும், தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவ. சித்திரை வெயிலில் மொட்டை மாடி முழுக்கக் கிழங்கு வத்தல். காக்காய் விரட்டும் வேலை பெரியப்பாவுக்கு.

ஒரே ஒரு விஷயத்தில் பெரியம்மாவுக்கு மூடநம்பிக்கை உண்டு. சாம்பாரில் உப்புக் கூடினால் நாலு கிழங்கை உள்ளே தள்ளுவார், உப்பை உறிஞ்சிவிடுமாம். கிழங்கு உப்புத் தண்ணீரைக் குடிக்குமே தவிர உப்பை மட்டும் பிரித்துக் குடிக்காது. சாம்பார் இருந்த கரிப்பிலேயேதான் இருக்கும். மருமகள் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. ஒருநாள் மெதுவாக எடுத்துச் சொன்னாள். பெரியம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "சரி கண்ணு, உப்பு போகாட்டிப் போவுது. கெழங்கு வெந்துதில்ல?" என்றார்.

இது நம் ஊர்ச் சீக்கு மட்டும் என்று நினைத்திருந்த பெரியப்பாவுக்கு அதிர்ச்சி லண்டனிலிருந்து வந்தது. அங்கே இருக்கும் மகள் வீடியோ காலில் சொன்னாள்: ஞாயிற்றுக்கிழமை விருந்தில் மிஞ்சிய கிழங்கையும் முட்டைக்கோஸையும் சேர்த்து மசித்து, திங்கட்கிழமை வாணலியில் அழுத்தி வறுத்துத் தின்பது வெள்ளைக்காரர் வீடுகளில் பழைய வழக்கமாம். 'பபிள் அண்ட் ஸ்க்வீக்' என்று பேர். இன்னொன்றும் சொன்னாள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், வெளியிலிருந்து கோதுமை வந்து சேர்வதே பாடாக இருந்தபோது, அந்த நாட்டு உணவு அமைச்சகம் 'பொட்டேட்டோ பீட்' என்று தொப்பி போட்ட ஒரு கார்ட்டூன் கிழங்கை வைத்து, ரொட்டியைக் குறைத்துக் கிழங்கைத் தின்னுங்கள் என்று பிரசாரமே செய்ததாம். சமையல் குறிப்பெல்லாம் அச்சடித்துக் கொடுத்தார்களாம்.

பெரியம்மா போனை வைத்துவிட்டுக் கணவரை ஒரு பார்வை பார்த்தார். "கவர்மெண்டே சொல்லியிருக்குதுங்க" என்றார். நாற்பது வருஷம் அரசாங்க உத்தரவுக்குக் கட்டுப்பட்டுச் சம்பளம் வாங்கியவர் அதற்கு மேல் என்ன பேசுவார்?

மருமகள் மட்டும் மனம் தளரவில்லை. ஆன்லைனில் சின்னதாக ஒரு எலெக்ட்ரானிக் தராசு வாங்கினாள். தலைக்கு நூற்றிருபது கிராம் கிழங்கு, நாலு பேருக்கு நானூற்றெண்பது. மாமியார் ஊரில் இல்லாத நாளெல்லாம் அந்தக் கணக்கில் சமையல் நடந்தது, சட்டி துடைத்ததுபோல் காலி. பெரியம்மா ஊர் திரும்பி ஃபிரிட்ஜைத் திறப்பார். உள்ளே பால், தயிர், மாவு. கிழங்கு டப்பா இருந்த இடம் வெறுமையாக இருக்கும். "எல்லாரும் சாப்பிட்டீங்களா?" என்று சந்தேகமாகக் கேட்பார். மிச்சம் இல்லாத வீட்டில் யாரோ பசியோடு படுத்திருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

கடைசியில் ஒரு சதித்திட்டம் தயாரானது. யோசனை பெரியப்பாவுடையது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கம்பக்கத்துச் சொந்தங்களை எல்லாம் கூப்பிடுவது. வேகவைத்த இரண்டு கிலோவையும் அன்றைக்கே ஒரு துண்டு விடாமல் தின்று தீர்ப்பது. இருப்பு பூஜ்யமானால் சங்கிலி அறுந்துவிடும் என்பது தணிக்கைக்காரரின் தர்க்கம். எனக்கும் அழைப்பு வந்தது. உள்ளதைச் சொன்னால் வறுவல் அன்று பிரமாதம். ஆனால் நாலாவது தடவை கேட்டு வாங்கியபோது அது கடமைக்காகத்தான். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற பெரியப்பா அன்று மாத்திரையையும் பார்க்கவில்லை, மகன் முறைத்ததையும் பார்க்கவில்லை. தோலோடு எடுத்து வைத்திருந்த கிழங்குகளையும் மருமகள் விடவில்லை. உரித்து, மிளகுத்தூள் தூவி, வந்திருந்த பிள்ளைகள் கையில் ஆளுக்கு இரண்டாகக் கொடுத்துவிட்டாள். மூன்று மணிக்கு டப்பா கவிழ்ந்து கிடந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பெரியம்மா வந்து வாணலியைப் பார்த்தார். டப்பாவை நிமிர்த்திப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"ஏஞ்சாமி, போதலையா? கேட்டிருந்தா இன்னும் ரெண்டு கிலோ வெச்சிருப்பனே."

"வயிறு நெறஞ்சிருச்சுங்க பெரியம்மா."

"அப்படித்தான் சொல்லுவீங்க. நாலு தடவை கேட்டு வாங்குன பையனுக்கு வயிறு நெறஞ்சிருக்குமா?"

மறுநாள் காலை பெரியப்பா போன் செய்தார். அரை வயிற்றோடு அனுப்பிவிட்டோமே என்று பெரியம்மா ராத்திரி தூங்கவில்லையாம். விடிந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணில் கிடந்த பத்து லிட்டர் குக்கரை இறக்கியிருக்கிறார். அது இருந்த இடத்தில் மருமகளின் தராசு போய் உட்கார்ந்துவிட்டது. சாயங்காலம் எல்லோரும் திரும்ப வர வேண்டுமாம், போண்டாவாம்.

"எத்தனை கிலோங்க பெரியப்பா?" என்று கேட்டேன்.

"நான் கணக்கு எழுதறதை நிறுத்திட்டேன்," என்றார். "நீ வர்றப்ப ஒரு தூக்குப்போசி எடுத்துட்டு வந்துரு."