வந்து அடி வாங்கும் வண்டி

வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற என் கல்லூரி நண்பன் ஒருவன் சென்ற மாதம் ஒரு வீடியோ அனுப்பினான். மாநகரப் பேருந்தின் ஜன்னல் கம்பியில் கால் வைத்துக் கூரைமேல் ஏறும் பையன்கள். கீழே அவனுடைய தீர்ப்பு: “இதுங்கெல்லாம் உருப்படுமா? நம்ம காலத்துல நாம எப்படி இருந்தோம்!”

எப்படி இருந்தோம் என்பது எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. 1980களின் நடுவில் இந்த மேலாளர் 29சி பேருந்தின் பின்படியில்தான் வாழ்ந்தார். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் வண்டி. உள்ளே இடம் இருந்தாலும் ஏற மாட்டார். புரசைவாக்கத்தில் ஒரு கால் படியில், ஒரு கால் காற்றில். ஜெமினி தாண்டி கதீட்ரல் ரோடு வந்தால், ஸ்டெல்லா மேரிஸ் கல்லூரி வாசலை உத்தேசித்து மொத்த உடம்பும் வெளியே வந்துவிடும். கம்பியைப் பிடித்திருக்கும் நாலு விரல் மட்டும் அரசாங்கத்தின் பொறுப்பில். வண்டியின் பக்கவாட்டுத் தகரம் அவனுக்கு டோலக். அதில் கானா போடுவான். தாளம் மட்டும் தப்பவே தப்பாது. அந்தக் காலத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது என்று அவன் இப்போது சொல்வது ஒருவேளை இதைத்தானோ என்னவோ.

அப்போது வண்டியில் ‘பல்லவன்’ என்று எழுதியிருக்கும். 1972இல் தொடங்கிய பல்லவன் போக்குவரத்துக் கழகம். மாமல்லபுரத்தில் கல்லைச் செதுக்கிய வம்சத்தின் பெயரைப் பேருந்துக்கு வைத்தால் பயணிகள் சும்மா இருப்பார்களா? எங்கள் வகுப்புச் சிற்பிகள் காம்பஸ் முனையோடுதான் ஏறுவார்கள். “புகை பிடிக்காதீர்” என்ற எச்சரிக்கையில் கடைசி நாலெழுத்தைச் சுரண்டிவிட்டால் “புகை பிடி” என்று அரசாங்கமே உத்தரவு போட்டதுபோல் ஆகிவிடும். “மகளிர்” என்பதில் முதல் எழுத்து எந்த வண்டியிலும் பிழைத்ததில்லை. 1967இல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தபின் போக்குவரத்தைக் கவனித்த கருணாநிதி பேருந்துகளில் குறள் எழுத வைத்தார். ஓட்டுநர் தலைக்குப் பின்னால் இருந்ததால் குறளுக்குச் சேதம் குறைவு. வள்ளுவரிடம் மரியாதை என்று சொல்ல முடியாது. அவ்வளவு முன்னால் போய் நின்றால் பின்படி என்ன ஆவது?

சீட்டு விஷயம் தனி. ரெக்ஸின் உறையில் பிளேடால் ஒரு கீறல். முதல் நாள் அவ்வளவுதான், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். மறுநாள் உட்கார்ந்த யாரோ விரலை விட்டிருப்பார்கள். அடுத்த வாரம் தேங்காய் நார் எட்டிப் பார்க்கும். அதைப் பிய்த்தெடுப்பது ரவுடி வேலை அல்ல. அலுவலகம் போகும் மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, வீட்டுக் கவலையில், ஒவ்வொரு இழையாக உருவுவார். மாதக் கடைசியில் மிச்சம் இருப்பது பலகை. கீறியவன் ஒருவன், காலி செய்தது ஊர்.

அப்புறம் பஸ் டே. வருஷத்தில் ஒரு நாள், தினமும் ஏறும் வண்டிக்கு வாழைமரம் கட்டி, மாலை போட்டு, ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் சந்தனம் வைத்துத் துண்டு போர்த்துவார்கள். வருஷம் முழுக்க “உள்ள ஏறி வாங்கடா, பாவிங்களா” என்று கத்தி விசிலடித்த நடத்துநர் அன்றைக்கு மாப்பிள்ளை மாதிரி கூச்சத்தோடு நிற்பார். என் நண்பன் இதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். துண்டு வாங்கிய காசு எப்படி வந்தது என்பதை மட்டும் அவன் சொல்வதில்லை. வழியெங்கும் கடைகடையாக ஏறி ‘நன்கொடை’ கேட்டார்கள். இருபது பேர் கடைவாசலில் நின்று புன்னகையோடு கேட்டால் எந்தக் கடைக்காரருக்கும் தர்ம சிந்தனை பொங்கத்தான் செய்யும். அன்று ஒரு மணி நேரம் தாமதமாக வேலைக்குப் போன பயணிகளுக்கும் யாரும் சந்தனம் தந்ததில்லை.

பையன்களை மட்டும் சொன்னால் நியாயமாகாது. பெரியவர்கள் செய்ததன் முன்னால் பிளேடும் காம்பஸும் எந்த மூலைக்கு? தலைவர் கைதா, எடு கல்லை. தலைவர் காலமானாரா, எடு கல்லை. எம்.ஜி.ஆர். மறைந்த 1987 டிசம்பர் 24 அன்று எங்கள் தெருவில் பலருக்கு வானொலி சொல்லும் முன்பே விஷயம் தெரிந்துவிட்டது. காலை வண்டி வரவில்லை. “பஸ்ஸெல்லாம் டெப்போவுக்குப் போயிடுச்சாம்” என்றால் ஊரில் பெரிதாக ஏதோ நடந்துவிட்டது என்று பொருள். நல்ல செய்திக்கு எந்த வண்டியும் டெப்போவுக்குத் திரும்பியதாக எனக்கு நினைவில்லை.

ஏன் பேருந்தை அடிக்கிறார்கள் என்று யோசித்திருக்கிறேன். கோபம் அரசாங்கத்தின் மேல். ஆனால் தாலுகா ஆபீஸை அடிக்க வேண்டுமானால் நாம் கிளம்பி அங்கே போக வேண்டும். போனால் மதிய உணவு இடைவேளை. கோட்டை வாசலில் காவல். அரசாங்கத்தின் அங்கங்களில் இந்த ஒன்றுதான் நம்பர் போட்டுக்கொண்டு, சொன்ன பாதையில், நம் தெருமுனைக்குத் தானாக வருகிறது. வந்து நிற்கவும் செய்கிறது. மாலை போடுகிறவனுக்கும் கல் எடுக்கிறவனுக்கும் வசதி அதுதான்.

2000 பிப்ரவரியில் தர்மபுரியில் இப்படி நின்ற ஒரு பேருந்துக்குத் தீ வைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள். மூன்று பேர் எரிந்துபோனார்கள். கொளுத்தியவர்களுக்கு மாணவர்களின் வயது இல்லை, கட்சிக்காரர்களின் வயது. மூவருக்கு விதித்த தூக்கு பின்னர் ஆயுளாகக் குறைந்தது. 2018இல் வெளியே வந்துவிட்டார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டுவிட்டார்கள் என்று யாராவது ஆரம்பிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வண்டி ஞாபகம் வரும்.

சரி, இந்தக் காலத்துக்கு வருவோம். பஸ் டே தெருச்சண்டையாகிப் போலீஸ் தடியடி வரை போனபின் 2011இல் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. 2012 டிசம்பரில் பெருங்குடி அருகே படியில் தொங்கிய நான்கு மாணவர்கள் லாரி உரசி இறந்தார்கள். “படியில் பயணம் நொடியில் மரணம்” என்று அந்தப் படிக்கு மேலேயே எழுதியிருக்கும் ஊர் இது. எங்கள் காலத்தில் தொங்குகிறவனுக்குப் பட்டம் ஏதும் கிடையாது. இப்போது அதற்குப் பதவியே வந்துவிட்டது: ரூட்டு தல. ஒவ்வொரு ரூட்டுக்கும் ஒரு தல, அவர் சொன்னால்தான் பாட்டு, அவர் சொன்னால்தான் சண்டை. தேர்தல் ஆணையம் தலையிடாமல் ஒழுங்காக நடக்கும் ஒரே தேர்வு.

2019 ஜூனில் தடையை மீறி ஒரு பஸ் டே. கூரைமேல் கூட்டம், முன்னால் பைக்கில் போனவன் சட்டென்று நிறுத்த, ஓட்டுநர் பிரேக் போட, மேலே இருந்தவர்கள் குவியலாக முன்னால் கொட்டினார்கள். நாடே அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்தது. அடுத்த மாதம் அரும்பாக்கத்தில் 29இ பேருந்தில் வந்த மாணவர்களை மாணவர்களே பட்டாக்கத்தியோடு விரட்டினார்கள். யாரும் சிரிக்கவில்லை. காவல்துறை தலைகளை வரவழைத்து நன்னடத்தைக்கு எழுதி வாங்கியது. ஒரு தல எழுதிக் கொடுத்தால் அந்த ரூட்டில் அடுத்த தலைக்கு வாய்ப்பு, அவ்வளவுதான்.

நிர்வாகமும் சும்மா இருக்கவில்லை. சாதாரணப் பேருந்தின் சீட்டில் இப்போது கீறுவதற்கு ஒன்றும் இல்லை. உட்காருவதற்கும் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. 2022இலிருந்து வண்டிக்கு மூன்று கேமரா. உள்ளே நடப்பதெல்லாம் பதிவாகிறது. கல் வெளியிலிருந்து வருகிறது. 2025இல் வியாசர்பாடியிலிருந்து கிளம்பிய மின்சாரப் பேருந்துகளில் கதவு தானாக மூடிக்கொள்கிறது, தொங்கப் படி இல்லை. என் நண்பனுக்கு அந்த வண்டி பிடிக்கவில்லை. “காத்தே வரல” என்றான்.

கண்ணாடி உடைந்தால் நடப்பதை வீடியோ எடுக்கிறவர்கள் எடுப்பதில்லை. வண்டி ஓரமாக நிற்கும். நடத்துநர் துண்டால் சில்லைத் தள்ளிவிட்டு எல்லாரையும் இறக்குவார். பின்னால் வரும் வண்டி ஏற்கெனவே பிதுங்கி வழியும். அதிலே ஏறச் சொல்வார். சில சமயம் ஓட்டுநர் பயணிகளோடு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கே வண்டியை விட்டுவிடுவார். குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகிறவர், வீட்டு வேலைக்குப் போகும் அம்மாள், எல்லாரும் ஸ்டேஷன் வாசலில். புகார் எழுதி முடிக்கும்போது மத்தியானம். அன்றைக்கு அந்த வண்டியின் மிச்ச ட்ரிப் கட். தல எவரும் அதற்காக வேலைக்கு லீவு போட்டதில்லை. கல் எறிந்த கட்சிக்காரருக்குச் சொந்த வண்டி உண்டு. 2021 மே மாதத்திலிருந்து வெள்ளை போர்டு வண்டியில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த வண்டி வந்தால் இலவசம். வராவிட்டால் ஷேர் ஆட்டோவுக்குக் காசு.

ஓட்டுநர்களும் ஒரு வித்தை கற்றுக்கொண்டார்கள். ஸ்டாப்பில் பையன்கள் கூட்டமாக நின்றால் நிறுத்துவதில்லை. நூறடி தள்ளி, யாரும் எதிர்பாராத இடத்தில், ஒரு கணம் நிறுத்துவார்கள். பையன்களுக்கு நூறடி ஒரு பொருட்டா? அவர்கள் முதலில் போய்த் தொற்றிக்கொள்வார்கள். கடைசியில் போய்ச் சேர்வது மூட்டுவலிக்காரர்கள்.

போன வாரம் அமைந்தகரையில் அப்படித்தான் ஓடினேன். என்னோடு பூக்கூடையோடு ஓர் அம்மாவும் ஓடி வந்தார். இருவரும் மூச்சு வாங்க ஏறியதும் நடத்துநர் அக்கறையாகக் கேட்டார்: “ஏன் சார், வயசான காலத்துல இப்படி ஓடியாறீங்க? ஸ்டாப்பிங்லயே நின்னு ஏறக் கூடாதா?”

எனக்கு மூச்சு திரும்பவில்லை. பூக்கார அம்மாதான் கூடையை இறக்கி வைத்துக்கொண்டே சொன்னார்: “ஸ்டாப்பிங்லதாண்டா நின்னோம் கண்ணு. நீதான் நிக்கல.”