வன்னிக்கு வீரர் தேட வருகிறவர் கவனத்துக்கு

முதல் அறிவுரை, வரவேண்டாம். வாகனத்தை நேரே யாழ்ப்பாணத்துக்கு விடுங்கள். வடக்கில் கிரிக்கெட் திறமை என்று ஒன்று இருந்தால் அது யாழ் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடைப்பட்ட நிலத்தில்தான் விளையும். வியாஸ்காந்த் முன்னதிலிருந்து வந்தார். 2020 டிசம்பரில் லங்கா பிரீமியர் லீக்கில் இறங்கி அஞ்சலோ மத்யூசையே முதல் விக்கெட்டாக எடுத்தார், 2024இல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத்துக்கு ஆடினார். யோர்க்கர் மன்னன் மாதுளன் பின்னதிலிருந்து வந்தவர். பிறகு எதற்குப் பரந்தனில் திரும்பி, புதுக்குடியிருப்பும் தாண்டி, முள்ளிவாய்க்கால்வரை டீசல் எரிப்பான்?

வந்தே தீருவேன் என்றால் பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு வாருங்கள். மைதானம் எங்கே என்று கேட்காதீர்கள். மாடுகளைத் துரத்திவிட்டு எங்கே தடி நடுகிறார்களோ அதுதான். பந்து மென்பந்து. மணலில் குத்தினால் எழும்பாது, அதனால் பொடியன் எல்லாவற்றையும் காலடிக்கே போடப் பழகியிருப்பான். நீங்கள் ‘பவுன்சர் போடத் தெரியாது’ என்று குறித்துக்கொள்ளுங்கள். சப்பாத்தில்லாமல் ஓடி வருகிறவனுக்கு ‘உபகரண ஒழுக்கம் குறைவு’. தகப்பனின் வள்ளம் கரைக்கு வந்துவிட்டதென்று பாதியில் ஓடுகிறவனுக்கு ‘மனஉறுதி போதாது’. “அண்ணை, இன்னொரு ஓவர் போடட்டா?” என்று ஒருவன் கேட்பான். “பிறகு சொல்லி அனுப்புறம் தம்பி” என்று சொல்லப் பழகி வையுங்கள். கொழும்பிலிருந்து கொண்டுவரும் கருவிகளில் அதிகம் பயன்படுவது இந்த வசனம்தான்.

அடுத்தது மருத்துவப் படிவம். ‘உடலில் பழைய காயம் உண்டா?’ என்ற கேள்விக்கு எதிரே இரண்டே பெட்டிதான், ஆம், இல்லை. 2008இல் இங்கே பிறந்தவன், போர் இங்கே முடிந்த 2009 மே மாதம் கைக்குழந்தை. தாய் பதில் சொல்லத் தொடங்கினால் பேனையை மூடிவைத்துவிட்டுக் கேளுங்கள். இந்தக் குறிப்பை மட்டும் நான் பகிடிக்கு எழுதவில்லை.

வயதெல்லையில் கறாராக இருங்கள். இல்லாவிட்டால் முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மாவைப் போல் யாராவது வரிசையில் வந்து நின்றுவிடுவார்கள். 2023இல், தன் 72ஆவது வயதில், பிலிப்பைன்ஸ் போய் முதியோர் தடகளத்தில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் எடுத்தவர். ‘எதிர்கால வளர்ச்சி’ என்ற நிரலில் அவருக்கு எத்தனை புள்ளி போடுவீர்கள்?

தேர்வு என்றால் என்னவென்று கனடாவில் இருக்கிற மச்சானைக் கேளுங்கள். அங்கேயும் அமெரிக்காவிலுமாக ஐஸ் ஹொக்கி லீக்கில் 32 அணிகள், வீரர் தேர்வில் ஏழு சுற்று. பதினெட்டு வயதுப் பொடியன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எடுக்கிறார்கள். அதற்கு முன் வருடக்கணக்கில் சின்னச் சின்ன ஊர் அரங்குகளின் குளிரில் குந்தியிருந்து அவர்களின் ஆட்டத்தைப் பார்க்கிறார்கள். நமக்கு அந்தக் கஷ்டம் எதற்கு? யாராவது வட்ஸ்அப்பில் காணொளி அனுப்புவார்கள்.

ஊருக்குப் போகாமலே ஊரின் பெயரால் வெல்லலாம் என்பதற்கும் சான்று கையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணி 2020, 2021, 2022, 2024 என்று நான்கு தடவை லங்கா பிரீமியர் லீக் கிண்ணத்தைத் தூக்கியது. அந்தத் தொடர்களின் ஒரு ஆட்டம்கூட யாழ்ப்பாணத்தில் நடக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்கே அந்த நிலை என்றால் முள்ளிவாய்க்கால் ஏன் கோபிக்கவேண்டும்?

இவ்வளவு சொல்லியும் வருகிறவர் ஒரு பெட்டி கடினப்பந்தும் ஆடுகளத்துக்கு விரிக்க ஒரு மெட்டிங்கும் ஏற்றி வாருங்கள். பொடியன்கள் அந்தப் பந்துக்குக் கை பழக ஒரு கிழமையாவது விட்டு, பிறகு புள்ளி போடுங்கள். ஒரு பின்னேரம் நின்று பார்த்துவிட்டு ‘வன்னியில் ஆளில்லை’ என்று எழுதுவதற்கென்றால், அதைக் கொழும்பிலிருந்தே எழுதலாம்.